வியன்னாவில் நாலு மணிக்கே இருட்டு

புதன், பிற்பகல். விமான நிலையத்திலிருந்து வியன்னா நகருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ரயிலில் வந்து விடுதியில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, நானும் என் மனைவி கவிதாவும் மகள் தியாவும் ஸ்டீபன் தேவாலயத்துக்கு நடந்தே போனோம். வானம் அழுதுவடிந்தது. கூரையின் வண்ண ஓடுகளை அண்ணாந்து பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. மணி நாலேகால்தான்.

கவிதா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மாலைக்கண். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வரும் நோய். பகலில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரியும். இருட்டில் அதுவும் இல்லை. அந்தக் குழாயும் வருடா வருடம் சுருங்குகிறது.

நாங்கள் டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருப்பவர்கள். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் பள்ளிக்கு லீவு, ஐரோப்பாவுக்கு டிக்கெட்டும் மலிவு என்று நம் ஆட்கள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நானும் கிளம்பினேன். நவம்பர் கடைசியிலும் கேட்டியில் ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். விடுதியில் தயிர் கிடைக்குமா என்று மின்னஞ்சல் போட்டுக் கேட்ட புத்திசாலி, சூரியன் எப்போது மறையும் என்று பார்க்கவில்லை.

"பரவால்ல விடுங்க. நாளைக்கு அந்தப் படத்த பாத்துட்டா போதும்" என்றாள் கவிதா.

கொரோனா ஊரடங்கின்போது, ஆயிரம் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் பஸில் ஒன்று வாங்கியிருந்தோம். பனியில் வேட்டைக்காரர்கள் நாய்களோடு நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் பழைய ஓவியம். வாரக்கணக்கில் அது டைனிங் டேபிளில் கிடந்தது. கவிதா தேடும் துண்டு அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். தியா எடுத்துக் கொடுத்துக் கேலி செய்வாள். கண் டாக்டரைப் பார்த்த பிறகு கேலி நின்றது. நடு வானத்தில் பறக்கும் பறவையின் துண்டு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அசல் ஓவியம் இந்த ஊரில் இருக்கிறது.

வியாழன், காலை. தேவாலயத்திலிருந்து அருங்காட்சியகம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குதிரை வண்டிகள் நிற்கும் கல் பாவிய தெரு, அரண்மனை வாசல், குதிரையேறிய வெண்கல ராஜாக்கள். தியா முன்னால் நடந்து, "ஸ்டெப், அம்மா" என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே போனாள். அப்படியும் கவிதா ஒரு குழந்தையின் தள்ளுவண்டியில் மோதினாள். அந்தத் தாய் முறைத்தாள். மடக்கிய வெள்ளைக் கோல் என் பையில் இருந்தது. கண் மருத்துவமனையில் கொடுத்தது. இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. எடுக்கட்டுமா என்று கேட்டேன். காதில் விழாததுபோல் நடந்தாள்.

டிக்கெட் பெரியவர்களுக்கு இருபது யூரோவுக்கு மேல். ஓவியம் நாலடி உயரம், ஐந்தடிக்கு மேல் அகலம். கவிதா கிட்டத்தில் நின்று தலையை மெல்லத் திருப்பித் திருப்பித் தேடினாள். பறவை கிடைத்துவிட்டது. தியாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். பிறகு பின்னால் நகர்ந்தாள். இன்னும் பின்னால். எதிர்ச்சுவர்வரை போனாள், குறுக்கே ஆட்கள் வந்து வந்து நின்றார்கள். காவலர் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பறவைய பாத்தா ஆளுங்க இல்ல. ஆளுங்கள பாத்தா பறவை இல்ல. வீட்ல இருந்த படத்துல ஒரு துண்டுதாங்க இல்ல."

மற்ற அறைகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நாலரை. எதிர்த் திடலில் கிறிஸ்துமஸ் சந்தை போட்டிருந்தார்கள், அதன் விளக்குகளைத் தியா படமெடுக்கவில்லை. வாசல் படியில் கவிதா நின்றாள்.

"அந்த ஸ்டிக் பேக்ல இருக்கா? குடுங்க."

விரித்துக் கொடுத்தேன். தட்டித் தட்டி இறங்கினாள். எதிரே வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள். அகலமான நடைபாதை, பார்வையற்றோருக்காக டிக்டிக் என்று ஒலிக்கும் சிக்னல், பக்கத்திலேயே டிராம். விடுதிவரை என் கையை அவள் பிடிக்கவில்லை. இந்த ஊரில் தனியாகவே எங்கேயும் போய் வந்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

சனிக்கிழமை ஹூஸ்டனுக்கு விமானம். கேட்டியில் பால் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டும். அவள் கார் ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கோலைத் தட்டிக்கொண்டு அவள் போய்ச் சேர எங்கள் தெருவில் ஓரிடமும் இல்லை.