இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

நான் சாமியை ஏமாற்றினேன்... ஒரு வண்டிக்காக!

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மன் படத்தின் முன்னால் வைத்த இரண்டு பொட்டலங்களிலும் சிவப்பு ரோஜாவையே மடித்து வைத்தேன். என் மகள் எதை எடுத்தாலும் நான் ஆசைப்பட்ட டிரக்தான் வரவேண்டும் என்பதற்காக. அவள் எடுத்தாள். வந்தது. இத்தனை நாள் யாரிடமும் நானாக வாய் திறந்து இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத் தொடங்கியதுமே நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் இதைப் பூவாக்குக் கேட்பது என்பார்கள். ஒரு முடிவுக்கு வரமுடியாமல் மனம் இரண்டாக நின்றால், வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். வெள்ளை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று முன்னமே சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வந்த பூவுக்கு மறுபேச்சு கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. செடிக்கடியில் புதைத்துவிட வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் ஆலனில், எங்கள் வீட்டு மளிகை அலமாரியின் மேல்தட்டுதான் கோயில்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

மென்பொருள் வேலை போனபின் நான் தொழில் மாறியவன். நம்மவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு மேடைச் சட்டம், பந்தல் துணி, பெரிய அடுப்பு, அண்டா, குண்டா எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறேன். அத்தனையையும் ஒரு டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போக வேண்டும். விசேஷம் இல்லாத வாரக் கடைசியில், படுக்கை வைத்த இன்னொரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு நானும் மனைவி சுமதியும் மகள் இனியாவும் கேம்பிங் கிளம்பிவிடுவோம். அந்தப் பைத்தியம் எங்கள் மூவருக்கும் உண்டு. ஆக, பிழைப்புக்கும் கூடாரத்துக்கும் சேர்த்து ஒரே டிரக். பழையது வழியில் நின்றுபோனதால் புதிதாக ஒன்றைத் தேடினோம்.

சுமதிக்குப் பிடித்தது ஒரு பழைய ஹெவி டியூட்டி டீசல் டிரக். பண்ணைக்காரர் ஒருவர் மாடுகளை ஏற்றி இழுத்த வண்டி. ஏறுவதற்கே ஒரு தம் கட்ட வேண்டும். காலியாக ஓட்டினால் இடுப்பை உடைக்கும். அது உறுமுகிற உறுமல் தெருக்கோடி வரை கேட்கும். ஆனால் அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் கனத்துக்கென்றே செய்தவை.

எனக்குப் பிடித்தது அதைவிட ஒரு படி சிறியது. புத்தம் புதிது, கறுப்பு நிறம், கூரை முழுக்கக் கண்ணாடி, குளிருக்குச் சூடாகும் இருக்கை... உள்ளே உட்கார்ந்தால் இறங்க மனம் வராது!

சுமதி கட்டடப் பொறியாளர். அவளுக்கு எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். ஒரு சனிக்கிழமை முழுவதும் அண்டாவையும் அடுப்பையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறை எடைமெஷினில் ஏறி நின்றாள். பிறகு என்னையும் இனியாவையும் ஏற்றினாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கறுப்பு வண்டி இழுக்குமுங்க. நிறுத்துமான்னுதான் தெரியல. கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எவ்வளவு தாங்கும்னு போட்டிருக்கு பாருங்க. நாம எல்லாத்தையும் ஏத்துனா லிமிட் தாண்டிப்போகுது."

"சேல்ஸ்மேன் தாராளமா இழுக்கும்னு சொல்றாரே?"

"அவரு விக்கறவரு. அண்டாவத் தூக்கிப் பாத்தது நானுங்க."

அவள் சொன்னது சரி. அப்போதே எனக்குத் தெரியும்! தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

பின் ஏன்? நீங்கள் கேட்பீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில், பழைய அலுவலக நண்பர் பிரியாணித் தட்டோடு வந்து என் தோளைத் தட்டினார். "என்ன பாஸ், லாரி எடுத்து ஃபுல் டைமா இறங்கிட்டீங்களாமே!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'லாரி' என்ற சொல் காதிலேயே நின்றது. அந்த உறுமுகிற டீசல் வண்டியை வாசலில் நிறுத்தினால் எல்லோர் கண்ணிலும் நான் வேலை போனவன்... கறுப்பு வண்டியை நிறுத்தினால் சொந்தத் தொழில் செய்கிறவன். இவ்வளவு சின்னப் புத்தி எனக்கு!

இரண்டு வாரம் வாக்குவாதம் ஓடியது. கடைசியில் சுமதியே இறங்கி வந்தாள். "பூவாக்குக் கேட்டுரலாமுங்க. வெள்ளைன்னா டீசல், செவப்புன்னா கறுப்பு வண்டி. அம்மன் சொல்றதுக்குக் கட்டுப்படலாம்." பொட்டலம் கட்டும் பொறுப்பை என்னிடம் விட்டாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

கொல்லையில் வெள்ளை ரோஜாவும் சிவப்பு ரோஜாவும் பூத்திருந்தன. காகிதத்தில் கட்டினால் நிறம் தெரிந்துவிடும் என்று அலுமினிய ஃபாயிலைக் கிழித்தேன். வெள்ளையைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். ஒரு நொடிதான்... அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இரண்டிலும் சிவப்பையே மடித்தேன்.

இனியாவுக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். "நோ பிரஷர், ரைட்?" என்று சிரித்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு! சுமதி அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "அப்ப என் கணக்குலதான் எங்கியோ தப்பு" என்று சொல்லி, எடை குறித்திருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். மிச்சப் பொட்டலத்தை நான் அவசர அவசரமாக ரோஜாச் செடியடியில் புதைத்தேன்.

கறுப்பு வண்டி வந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, குங்குமம் வைத்தோம். ஊருக்குள் ஓடும்வரை அது சொன்ன பேச்சுக் கேட்டது. விருந்துகளில் நாலு பேர் வந்து கண்ணாடிக் கூரையைப் பார்த்துப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் திறந்து காட்டினேன்.

பிறகு ஒரு நீண்ட விடுமுறைக்கு மேற்கு டெக்சாஸ் மலைப்பக்கம் கேம்பிங் போனோம். நண்பர்கள் குடும்பமும் அங்கே வந்து சேருவதாக இருந்ததால், பெரிய அடுப்பு, அண்டா, தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தேன். வண்டியின் பின்பக்கம் தணிந்து, முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சுமதி அதைப் பார்த்தாள். முன்பென்றால் கிளம்பவே விட்டிருக்க மாட்டாள். இப்போது, "அம்மன் குடுத்த வண்டி, பாத்துக்குவா" என்று ஏறிக்கொண்டாள்.

நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. பாதி வழியில் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது. மறுபடி மிதித்தேன்... கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது! தீய்ந்த வாடை. டிரெய்லர் வாலை ஆட்டியது. ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. கியரைக் குறைத்தேன், உறுமியது, வேகம் குறையவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னாலிருந்து இனியா, "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

நல்ல காலம். வளைவு தாண்டியதும் ஒரு பண்ணையின் மண்சாலை மேட்டை நோக்கி ஏறியது. அதில் திருப்பிவிட்டேன். மேடு எங்களை நிறுத்தியது. சக்கரங்களிலிருந்து புகை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்க வேண்டாமா நான்?

இனியா இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஐ பிக்டு இட், அப்பா," என்றாள். "நான்தான் ரெட் எடுத்தேன். மை ஃபால்ட்."

அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படியெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். ஏன் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. கோழை! அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் அவள் எதையும் எடுக்க மாட்டேன் என்றாள். ஐஸ்கிரீம் கடையில்கூட, "யூ சூஸ், அம்மா." பள்ளியில் வயலினா, புல்லாங்குழலா என்று கேட்டபோது அழுதுவிட்டாள். நான் அருகில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துக் கறுப்பு வண்டியை விற்றுவிடலாம் என்று நானே சொன்னேன். சுமதி யோசித்தாள். "சாமி குடுத்தத மாத்தோணும்னா, சாமிகிட்டயே மறுபடி கேக்கோணுமுங்க. வெள்ளைன்னா ஹெவி டியூட்டி. செவப்புன்னா இதையே வெச்சுக்கலாம். இந்தத் தடவ பொட்டலத்த நான் கட்டறேன்."

சிவப்பு வந்தால்? மறுபடி அந்த வண்டியில் இவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா?

இனியா அலமாரிப் பக்கமே வரமாட்டேன் என்றாள். சுமதி அவளை மெல்ல இழுத்து அணைத்து, "எடு தங்கம். இந்தத் தடவ தப்பாகாது. அம்மா சொல்றனல்ல?" என்றாள். இனியா ஒன்றைத் தொட்டாள். பிரித்தாள்.

வெள்ளை!

இனியா துள்ளினாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாடா... அந்த ஒரு மூச்சை எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்தேனோ! சுமதி மிச்சப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "செடியடியில போட்டுட்டு வாங்க" என்றாள்.

ரோஜாச் செடியடியில் மண்ணைத் தோண்டினேன். அப்போதுதான் நினைவு வந்தது. பழைய பொட்டலம் இங்கேதான் இருக்க வேண்டும். பூ மக்கியிருக்கும், ஃபாயில் மக்காதே! இன்னும் தோண்டினேன். சுற்றிலும் கிளறினேன். இல்லை.

கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன். பிரிக்கக் கூடாதுதான். பிரித்தேன்.

அதிலும் வெள்ளை.

"அடுத்த தடவ பேப்பர்ல கட்டுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சுமதி கதவோரம் நின்றிருந்தாள். "ஃபாயில் மக்கறதில்ல."

"எப்பப் பாத்தே?"

"மலையில இருந்து வந்தப்பறம். செடிக்கு எரு போடறப்ப மம்பட்டியில மாட்டுச்சு. உள்ள செவப்புச் சாயம் ஒட்டியிருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! நம்புவீர்களா? அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி அவளிடம் மறைக்க ஒன்றுமில்லை. அதோடு, சாமியை ஏமாற்றும் அளவுக்கு அவள் தன் கணக்கை மறுபடி நம்பத் தொடங்கியிருக்கிறாள். அதை நினைத்து அந்தச் சேற்றுக் கையோடு சிரித்துக்கூட விட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்குச் சொல்ல வேண்டாமுங்க, நாந்தான் பாத்துட்டேனே. புள்ளகிட்டச் சொல்லுங்க. அது இன்னும் தன் கையிலதான் தப்புன்னு நெனச்சிட்டிருக்குது."

"சொல்றேன்" என்றேன்.

இப்போது வாசலில் ஹெவி டியூட்டி டீசல் நிற்கிறது. காலையில் கிளப்பினால் தெருவே எழுந்துகொள்ளும். யாராவது "லாரி" என்றால், "ஆமாங்க, ஏறி ஒரு ரவுண்டு வாங்க" என்கிறேன். போன மாதம் அதே மலை இறக்கத்தில், அதே டிரெய்லரை, அதே அண்டாவோடு இழுத்துக்கொண்டு போனோம். கியரைக் குறைத்ததும் வண்டி மொத்தக் கனத்தையும் பிடித்து நிறுத்திக்கொண்டு, மாடு போல நிதானமாக இறங்கியது. பிரேக்கைத் தொடும் தேவையே அதிகம் வரவில்லை. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

பின்னாலிருந்து இனியா முன்னுக்குச் சாய்ந்தாள். "அப்பா, ஃபர்ஸ்ட் டைம் ஐ மெஸ்ட் அப். பட் திஸ் டைம் ஐ பிக்டு ரைட், ரைட்?"

சுமதி என் பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள். சாலை நேராக இருந்தது, சொல்ல நேரமும் நிறைய இருந்தது.

"ஆமாங் கண்ணு," என்றேன். "இந்தத் தடவ சரியா எடுத்தே."

சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.