ஆணி காணாது

நேற்று மருமகள் கைபேசியில் ஸ்கான் படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். “மாமி, உதிலை துடிக்குதெல்லோ, அதுதான் இதயம்.” பயறளவுப் பிள்ளை. எனக்கோ, சிரிக்காதேயுங்கள், கோழிக்கூட்டு மணம்தான் மூக்கில் ஏறியது.

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் எனக்கு முதல் வேலை, விஞ்ஞான ரீச்சர். மின்சாரம் இல்லாத காலம். மனோன்மணி அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சண்டையில் இடம்பெயர்ந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டு ஒரு புள்ளிக்கோழியைக் கடகத்தில் சுமந்து போய்த் திரும்பக் கொண்டுவந்த மனுசி அவர். அதற்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி அடை என்று ஒன்பது முட்டை வைத்தார். இடி முழங்கினால் கரு கலங்குமாம். அதற்குக் காவலாக முட்டைக் கூடைக்குள் ஓர் ஆணியும் போட்டார். பட்டதாரி நான் விடுவேனா?

“அக்கா, உந்தத் துருப்பிடிச்ச ஆணிக்கு இடி பயப்பிடுமோ?”

“நீர் படிச்சனீர். ஆணி அதிலை கிடக்கட்டும்.”

அடை வைத்த ஆறாம் நாள், வகுப்பில் கரு வளர்ச்சிப் பாடம். கரும்பலகையில் படம் கீறினால் உயிர் வருமா? அக்கா கிணற்றடிக்குப் போன நேரம், கோழியிடம் கொத்து வாங்கிக்கொண்டு மூன்று முட்டையை எடுத்தேன். பென்சிலால் இலக்கமிட்டு, பஞ்சில் பொதிந்து சைக்கிளில் கொண்டுபோனேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரோச் லைற்றைப் பிடித்தால், சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி அசைகிறது!

“ரீச்சர், உயிரோடை இருக்குது!” என்றாள் ஒருத்தி. எந்நேரமும் கூச்சல் போடும் வகுப்பு மேசையைச் சுற்றி வந்து மொய்த்தது. அப்படியொரு பெருமை எனக்குப் பிறகு வரவேயில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தேன். முட்டைகள் குளிர்ந்து போயிருந்தன. கோழிக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போலச் சோறு சாப்பிட்டேன்.

இருபத்தோராம் நாள் ஆறு குஞ்சு பொரித்தன. இன்னும் இரண்டு நாள் பொறுத்து, அக்கா மிச்ச மூன்றையும் கையில் எடுத்தார். மூன்றிலும் என் பென்சில் இலக்கம். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கட்டைவிரலால் அந்த எழுத்தைத் தேய்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இடி முழங்கினதெல்லோ பிள்ளை. கலங்கிப்போச்சு. அந்தச் சின்ன ஆணி காணாது, பெரிசாப் போட்டிருக்கவேணும்.”

கோழி அடை கிடந்த அந்த மூன்று கிழமையும் வானத்தில் ஒரு முகில்கூட இல்லை.

இன்று அக்கா இல்லை. அந்தப் புள்ளிக்கோழியின் வம்சமும் இல்லை. கடையில் வாங்கும் முட்டைக்குள் கருவே இல்லை. “அக்கா, நான்தான்” என்று கடைசிவரை சொல்லாமல் விட்டேன், அதுதான் இன்னும் அறுக்கிறது.

காலையில் மருமகள் குளிக்கப் போன நேரம், அவள் தலையணைக்குக் கீழே ஓர் ஆணி வைத்தேன். பெரிய ஆணியாகப் பார்த்து.