புரட்டாசிச் சனிக்கிழமையில் திண்டிவனத்துக் கபடி

போனவர்கள் மொத்தம் பதினான்கு பேர்: பள்ளிக் கபடி அணிப் பெண்கள் பன்னிரண்டு, பயிற்சியாளர் மிஸ், துணைக்கு நான். பன்னிரண்டில் ஒருத்தி என் மகள் பவித்ரா, ஒன்பதாம் வகுப்பு. புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. மாவட்ட அணிக்குப் பெண்களைத் தேர்வு செய்யும் போட்டி.

விழுப்புரத்தில் காலை 6.10க்குப் பேருந்து ஏறி 7.15க்குத் திண்டிவனத்தில் இறங்கினோம். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். (டவுன் பஸ் இல்லை, பெண்களுக்கும் டிக்கெட் உண்டு.) மைதானத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பதினைந்து. "கபடி டீமா? ஆட்டோவப் புடிச்சி இழுத்துடாதீங்கம்மா" என்றார் ஓட்டுநர்.

7.30க்கு மற்ற எல்லோரும் கேப்பைக் கூழும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மாலைப் பூஜை வரை தண்ணீர்தான். பவித்ரா வெறும் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதில் பெருமைதான்.

முதல் ஆட்டம் 9.30க்கு. இரண்டாம் பாதியில் கபடி பாடிப் போன பவித்ரா, எதிரணியில் யாரும் தொடாமலே கால் மடங்கி விழுந்தாள். அணி தோற்றது.

"காலைல இன்னா சாப்ட?" என்றார் மிஸ்.

"தண்ணி மிஸ். சனிக்கிழமை."

மிஸ் என்னிடம் திரும்பினார். "அக்கா, பன்னண்டரைக்கு இன்னொரு மேட்ச் இருக்குது. அதுல ஆடினாத்தான் செலக்சன். சாப்டலன்னா ஒக்கார வெச்சிடுவேன்."

பவித்ரா என் முகத்தையே பார்த்தாள். "சாப்பிடும்மா" என்றேன்.

அணித்தலைவி கலையரசி, மரக்காணம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். "எங்கூட்லயும் இந்த மாசம் மீன் கெடையாதுடி. அதுக்குன்னு பட்டினி கெடந்துக்கினா பாடுவாங்க? பெருமாளே வந்தாலும் வுழுந்துடுவாரு!" நானும் சிரித்துவிட்டேன்.

அதன்பின் பார்த்ததுதான் அதிசயம். 10.15க்கு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்). 11 மணிக்கு அளவாகத் தயிர்சோறு. பிறகு உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சைத் தண்ணீர், ஒவ்வொரு வாயாக. வாசலில் பஜ்ஜி மணக்கிறது, ஒருத்திகூடத் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷமாக விரதம் இருக்கிறேன். நாக்கை இப்படி அடக்கியவர்களைக் கோயிலில்கூட நான் கண்டதில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் மூன்று பேர் காலையும் இடுப்பையும் பிடித்துத் தொங்க, பவித்ரா அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரல் வைத்தாள். "கோவிந்தா!" என்று கத்திவிட்டேன்.

தேர்வாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை தொடங்கிப் பதினைந்து நாள் முகாம். அங்கே பட்டினி கூடாது என்பது மிஸ்ஸின் கண்டிப்பு. திரும்பும் பேருந்தில் யோசித்தேன்: வேண்டிக்கொண்டது நான். அவளைக் கேட்காமலே அவளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இனி விரதம் எனக்கு மட்டும்.

போகிறவர்களுக்கு: மைதானத்தில் நிழல் இல்லை, குடையும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். பிள்ளையைச் சாப்பிட வைத்துக் களத்தில் இறக்குங்கள்.

முகாமில் தினமும் முட்டை தருவார்களாம். புரட்டாசி முடியும்வரை வேண்டாம் என்று பவித்ராவே சொல்கிறாள். அதற்கு ஈடாக, கெடாமல் இருக்கும்படி என்ன கொடுத்தனுப்பலாம்? விளையாடும் பிள்ளைகள் உள்ளவர்கள் எழுதுங்கள். வியாழன் மாலை பை கட்டவேண்டும். அதற்குள் பதில் வேண்டும்.