ஆளுக்கொரு ஊசி

எண்பதுகளில் செகந்திராபாத் ஆஸ்பத்திரி ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் நான் நர்ஸ். தொழில் செய்யும் பெண் ஒருத்தி வாரம் தவறாமல் பென்சிலின் ஊசிக்கு வருவாள். படிய வாரிய தலை, கொத்தாகக் கனகாம்பரம், முழங்கை தாண்டி இறங்கும் ரவிக்கை. போதை ஊசியின் தழும்புகளை அந்த ரவிக்கைக் கைதான் மறைத்தது.

வந்ததும் ஊசி கொதிக்கும் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பாள். "குமிழே வரலை. நக்கோ, வேணாம் சிஸ்டர், நல்லாக் கொதிக்கட்டும்." காத்திருக்கும் நேரத்தில் இரானி டீயைச் சாசரில் ஊற்றி, தான் பாதி குடித்து மீதியை எனக்கு நீட்டுவாள்.

அறைத்தோழியும் அவளும் ஒரே ஊசியில்தான் போதை ஏற்றிக்கொள்வதாக ஒருநாள் சொன்னாள்.

"அதைக் கொதிக்க வைக்கிறதில்லையா?"

"அவ முன்னாடி கொதிக்க வச்சா, அவளை அசிங்கம்னு சொன்ன மாதிரி ஆகாதா? என் சாசரைக் கழுவிட்டா நீங்க குடிக்கிறீங்க?"

"டீயில ரத்தம் இல்லையேம்மா. போதையில நிரோத் உறை மறந்துபோகுதுன்னு நீதான் சொன்னே. எவனோ குடுத்த நோய் உன் ரத்தத்துலேருந்து அவளுக்கும் போகும்."

அடுத்த வாரம் தோழியோடு வந்து ஒரு சோப்பு டப்பாவை நீட்டினாள். உள்ளே இரண்டு புது ஊசிகள்.

"ஆளுக்கொண்ணு வாங்கிட்டோம். முதல் தடவை நீங்களே கொதிக்க வைங்க சிஸ்டர். நீங்க செஞ்சா அவ தப்பா நினைக்கமாட்டா."

தண்ணீர் கொதிக்கும்வரை ஒரே சாசர் எங்கள் மூவரிடமும் மாறி மாறிப் போய் வந்தது. யாரும் அதைக் கழுவவில்லை.