உம்மு குல்சும் எழுதி வாங்கிய வளவு

அலவத்துகொடையில் உம்மு குல்சும் குடியிருந்த, வீடும் மிளகுத் தோட்டமும் சேர்ந்த வளவு அவளுடைய வாப்பா கொடுத்த சீதனம். காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது அவர் மருமகன் மஹ்மூதின் பேரையும் சேர்த்துவிட்டார். பிள்ளை இல்லையென்று மஹ்மூத் அவளைத் தலாக் சொல்லிவிட்டுக் கம்பளைக்குப் போய்விட்டான். ஆனாலும் வளவை விடவில்லை. மிளகு பழுத்ததும் ஆள் அனுப்பினான். ஏறியவர்களை அவள் கொடி படர்ந்த மரத்திலிருந்து இறக்கினாள்.

"என்னை வேணாமெண்டவருக்கு எண்ட மிளகு மட்டும் என்னத்துக்கு? போய் அவர்ட்ட செல்லுங்க."

மஹ்மூதே வந்து வாசல் படலையில் நின்றான். "உறுதியில எண்ட பேர் ஈக்கிது. ஏலுமெண்டா அழிச்சுப் பாரு."

கண்டியில் உறுதி எழுதும் நொத்தாரிஸைக் கேட்டாள். வழக்குப் போட்டால் வளவு இரண்டாகும் என்றார் அவர். மஹ்மூதே தன் பங்கை விட்டுக்கொடுத்து, சாட்சிகள் முன்னால் கையெழுத்து வைத்தால்தான் முழுதும் அவளுக்கு.

"நீங்க எழுதி வைங்க. அவர் வைப்பார்" என்றாள்.

1931இல், கம்பளை வியாபாரி ஸெய்னுலாப்தீனின் மகள் ஹிதாயாவை மஹ்மூத் கலியாணம் முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டாள். நிக்காஹ் அன்று காலை நொத்தாரிஸோடு ரயிலேறினாள்.  எழுதி வைத்த உறுதியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கலியாண வீட்டில் நேரே மணப்பெண்ணிடம் போனாள். "நிக்காஹ்வ மறிக்க வரல்ல, தங்கச்சி. எண்ட வளவுல ஈக்கிற அவர்ட பேர எடுத்திட்டு, அவர நீங்களே வெச்சுக்கோங்க."

ஹிதாயா நடந்ததையெல்லாம் கேட்டாள். சம்மதம் கேட்க வாப்பா வந்ததும், "அந்த ராத்தாட வளவ அவர் முதல்ல விடட்டும் வாப்பா. அதுக்குப் பொறகு சம்மதம் செல்றன்" என்றாள்.

ஸெய்னுலாப்தீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மகள் அசையவில்லை. வெளியே விருந்தாளிகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் மஹ்மூத் நொத்தாரிஸின் பேனையைப் பிடுங்கிக் கையெழுத்து வைத்தான். நிக்காஹ்வுக்கு வந்த இருவரே சாட்சியானார்கள்.

"பிச்சையா எடுத்துக்கோ!"

"பிச்சையில்ல. எண்ட வாப்பா தந்த நிலம்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

அவள் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ பெண்களோடு, ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சஹனில் அமர்ந்து, வயிறு நிறையக் கலியாணச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.