பச்சைக் கொடியைப் பார்த்தவன்

மாத்தளை ரயில் நிலையத்தில் நான் எழுதுவினைஞன். அவன் மூட்டை தூக்குபவன். ரயில் புறப்படும்போதெல்லாம் கார்டின் பச்சைக் கொடியை இமைக்காமல் பார்த்து நிற்பான்.

"கார்ட் வேலைக்கு யாருங்கய்யா ஆள் எடுக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"ரயில்வே திணைக்களம். சோதனை எழுதோணும், டொக்டரிட்டக் கண்ணும் காட்டோணும். உனக்கேனடா அது? மூட்டையைத் தூக்கு."

"ஏன், என்னய விட ஒங்களுக்கு ஒரு கண்ணு கூடவா இருக்கு?" என்று சிரித்தான்.

மேசையிலிருந்த, கோடு போடும் இரும்பு அடிமட்டத்தால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். இடது கண் போய்விட்டது. தடுக்கி விழுந்ததாகவே எல்லோரிடமும் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து கார்ட் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தோடு என்னிடமே வந்தான்.

"நெரப்பிக் குடுங்கய்யா."

பார்வை பற்றிய கேள்வியில் என் பேனா நின்றது.

"ஒரு கண்ணுன்னு எழுதுங்க" என்றான்.

எழுதினேன். மற்றது எப்படிப் போனது என்று படிவம் கேட்கவில்லை.