அணைத்தால் அழிந்துவிடும் பதிவுகள்

ஹாபாய்த் தீவுகளின் மருத்துவ நிலையங்களில் கணினிகளைப் பராமரிப்பவர் மானாசே. உப்புக்காற்றும் அடிக்கடி நிற்கும் மின்சாரமும் வன்தட்டுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தமையால், அவர் ஒரு வழி கண்டார். கணினி தொடங்கும்போது, சிறிய சேமிப்பு அட்டையொன்றிலிருந்து இயங்குதளம் முழுவதும் நினைவகத்தில் ஏறி, அங்கேயே குடியிருக்கும். அணைத்தால் எல்லாம் மறையும். மீண்டும் போட்டால் புத்தம்புதிதாய் எழும். நோயாளிகளின் பதிவுகள் மட்டும் தனி வன்தட்டுக்குப் போகும். ‘கோளாறு வந்தால் அணைத்துப் போடவும்’ என்று ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் தம் கையாலேயே எழுதி ஒட்டினார்.

மார்ச்சுத் தொடக்கத்தில், செவிலி லோலோஹேயாவின் நிலையத்தில், பிப்ரவரி வரையிலான பதிவுகளை அட்டையில் சேர்த்துவிட்டு, வன்தட்டை மாற்றினார். படகு புறப்படும் அவசரத்தில், புதிய தட்டைக் கணினியோடு இணைக்கும் கட்டளையை எழுத மறந்தார். அதனால், தட்டின் பெயரிலேயே நினைவகத்தில் இருந்த கோப்புறைக்குள் புதிய பதிவுகள் விழுந்தன. திரையில் எச்சரிக்கை ஏதும் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நாள், அந்த நிலையத்திலிருந்து தமக்கு வந்த பதிவுகளின் பிரதியில் புதிய பெயர் ஒன்றும் இல்லாததைக் கண்டார். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நாள்கள் அவை. உடனே தொலைபேசியை எடுத்தார்.

“லோலோஹேயா, கம்ப்யூட்டரைத் தொடாதே!”

“இப்பத்தானே தொட்டேன். காலையிலேருந்து நத்தை மாதிரி ஊர்ந்துச்சு. உங்க சீட்டுல இருக்கிறபடி அணைச்சுப் போட்டேன். இப்பக் குதிரையாட்டம் ஓடுது.”

“ஊசி போட்ட பேரெல்லாம் இருக்கா, பாரு.”

விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது, பின் நின்றது.

“பிப்ரவரியோட நிக்குது. என்ன பண்ணி வச்சீங்க, மானாசே?”

மறுநாள் இருவரும் வீடு வீடாய் நடந்தனர்.

“ஊசி குத்தினவளே வந்து குத்தினேனான்னு கேக்குறா!” என்று ஒருத்தி சிரித்தாள். “எம் பசங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்தேன். ஒருத்தன் தப்பிச்சு ஓடிட்டான். எவன்னு அவனுங்களே சொல்ல மாட்டேங்கிறானுங்க.”

மறுபடி போட்டாலும் தீங்கில்லை. ஆனால் எஞ்சிய மருந்து ஒன்பது பேருக்கே போதும். அடுத்தது வர ஆறு வாரமாகும். மாலையில், ஊசி போட்டதா என்று தெரியாதவர் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன.

“சின்னதுங்களுக்கு முதல்ல போட்டுடறேன். மீதி ரெண்டு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க. என்னால முடியாது” என்றாள் லோலோஹேயா.

மானாசே போனார். முதல் வீட்டில் தாய் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே, நடந்தது தம் பிழை என்று சொல்லத் தொடங்கினார்.